சில்லுக்கும் கலப்பைக்கும் நடுவில் நிற்கும் ஆள்

தோட்டத்துக்குள் ட்ரக்டர் வந்து நின்றால் எல்லாருடைய கண்ணும் ஆசனத்தில் இருக்கும் சாரதியைத்தான் பார்க்கும். பின்னால் நிற்கும் ஆளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்குச் சில தோட்டங்களில் கிளீனர் என்று பெயர், சில தோட்டங்களில் கையுதவி. பல இடங்களில் செக்ரோலில் அவர் பெயரே இருக்காது. சாரதி பின்னுக்கு எடுக்கும்போது "வா, வா, இன்னும் கொஞ்சம், நில்!" என்று கத்துகிறவர் அவர்தான். இரும்புக் கை கலப்பையின் பின்னுக்கு நேராக வராதபோது காலால் உதைப்பதும், அலவாங்கால் நெம்புவதும், கடைசியில் பெரிய சில்லுக்கும் கலப்பைக்கும் இடையில் உடம்பைக் கோணலாக நுழைத்து ஆணியைச் சொருகுவதும் அவர்தான். இந்த மாதத் தலையங்கம் அவரைப் பற்றியது.

சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, வீட்டுக் காணி என்று பேச எவ்வளவோ இருக்கும்போது ட்ரக்டரில் கலப்பை கொழுவுவதைப் பற்றி ஒரு தொழிற்சங்கப் பத்திரிகை தலையங்கம் எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். எங்கள் பதில்: வேண்டும். பிரட்டுக் களத்தில் நாம் கேட்பது நாள் சம்பளத்தை மட்டுமல்ல. காலையில் பத்து விரலோடு போனவர் மாலையில் பத்து விரலோடு வீட்டுக்கு வருவதையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

கடந்த மாரி காலத்தில், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தோட்டத்தில், நமது அங்கத்தவர் ஒருவருக்கு இரண்டு விரல்கள் நசுங்கின. இடது கையைப் பூட்டியாகிவிட்டது. வலது கை இரண்டு அங்குலம் உயரத்தில் நின்றது. அவர் அதைத் தோளால் அமுக்கிக்கொண்டிருக்கையில் சாரதி லிவரைக் கொஞ்சம் தட்டினார். கை சட்டென்று இறங்கியது. நிர்வாகம் எழுதிய அறிக்கையில் காரணம் ஒரே சொல்லில் இருந்தது: கவனக்குறைவு. இயந்திரத்தைப் போய்ப் பார்த்த நமது கிளைத் தோழர்கள் வேறொன்றைக் கண்டார்கள். வலது கையை ஏற்றி இறக்குவதற்கென்றே அந்த ட்ரக்டரில் கையால் சுற்றும் ஒரு பிடி இருக்கிறது. அது துருப்பிடித்து இறுகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பிடி சுற்றியிருந்தால் தோளால் அமுக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அப்படியானால் கவனக்குறைவு யாருடையது?

நமது மாவட்டத்தில் தேயிலை இல்லை. 1977க்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் இங்கே தென்னந்தோட்டத்திலும் மரமுந்திரிகையிலும் வயலிலும் கூலிக்கு நின்றன. கந்தளாயில் செக்கோஸ்லோவாக்கிய இயந்திரங்களோடு 1960களில் ஓடிய சீனித் தொழிற்சாலையும் அதன் கரும்புத் தோட்டமும் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டன. 1993இல் அது மூடப்பட்டது. எஞ்சியது என்ன? தம்பலகாமத்திலிருந்து மூதூர் வரை எங்கே பார்த்தாலும் பழைய இயந்திரங்கள். சிவப்பு மெசி பெர்குசன் 135, அதற்குப் பின் வந்த 240, அங்கங்கே நீல நிற போர்ட். சின்னக் காணிகளில் இரண்டு சில்லு இயந்திரம். அதற்கு இன்றும் ஊரில் லேண்ட்மாஸ்டர் என்றே பெயர். நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய இயந்திரத்தின் பெயர் அது. (அதே மனிதர் பின்னாளில், ட்ரக்டர் சின்ன விவசாயிக்கு லாபமா, விற்கிறவனுக்கு லாபமா என்று தானே கேள்வி எழுப்பினார். அதை வேறொரு மாதம் பேசலாம்.)

இந்தப் பழைய இயந்திரங்கள் சீக்கிரம் போய்விடும், புதியது வரும், அப்போது எல்லாம் சரியாகும் என்று நிர்வாகங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு புதிய ட்ரக்டரின் விலையைக் கேட்டு எந்தச் சின்னத் தோட்ட முதலாளியும் மயக்கம் போடாமல் திரும்பியதில்லை. 135 இன்னும் பத்து வருடம் ஓடும். என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் 'புதியது வரட்டும்' என்ற பேச்சு நம்மைப் பொறுத்தவரை விரல்களைத் தவணைக்கு விடுவதுதான்.

பழைய மெஷின் என்றால் அப்படித்தான், கஷ்டப்பட்டுத்தான் கொழுவ வேண்டும் என்று நமது ஆட்களே நம்புகிறார்கள். சாரதிகள் அதை ஒரு வீரமாகவும் சொல்வார்கள். இது உண்மை அல்ல என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இயந்திரம் சுலபமாகக் கொழுவுவதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்டது.

முதலாம் உலக யுத்த காலத்தில் ட்ரக்டர் என்பது மாட்டுக்குப் பதில் கலப்பையைச் சங்கிலியால் இழுக்கும் ஒரு வண்டி, அவ்வளவுதான். கலப்பை ஒரு வேரிலோ கல்லிலோ மாட்டினால் முன்சில்லு மேலே எழும்பி, இயந்திரம் பின்னுக்குக் கவிழ்ந்து சாரதியின் மேலேயே விழும். அப்படிச் செத்தவர்கள் பலர். அயர்லாந்தில் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் மகனாக 1884இல் பிறந்த ஹரி பெர்குசன் இதைப் பார்த்துவிட்டு, கலப்பையையும் ட்ரக்டரையும் ஒரே உடம்பாக்க வழி தேடினார். 1920களில் அவர் கண்டுபிடித்ததுதான் இன்று நாம் பார்க்கும் மூன்று புள்ளி இணைப்பு: கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு டொப் லிங்க். தூக்குவதும் இறக்குவதும் ஹைட்ரோலிக் எண்ணெயின் வேலை. மண்ணின் இழுவை கூடும்போது டொப் லிங்க் முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலே முன்சில்லை நிலத்தோடு அமுக்கிப் பிடிக்கும். சாரதியைக் கொன்ற அதே விசை அவரைக் காப்பாற்றும்படி திருப்பிவிடப்பட்டது.

1938இல் பெர்குசன் அமெரிக்காவுக்குப் போய் ஹென்றி போர்டிடம் இதைக் காட்டினார். எழுத்தில் ஒன்றும் இல்லாமல் இருவரும் கைகொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். (எழுத்தில் இல்லாத ஒப்பந்தம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1947இல் முறிந்து, வழக்காகி, 1952இல்தான் தீர்ந்தது. கூட்டு ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும் என்று நாம் கேட்பது சும்மா அல்ல.) 1939இல் அந்தப் புதிய ட்ரக்டரைப் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை ஏற்றி உழுது காட்டினார்கள். சிறுவர்களை அதில் ஏற்றியதை நாம் மெச்சவில்லை. ஆனால் இயந்திரத்தைச் செய்தவன் எதைப் பெருமையாக நினைத்தான் என்று பாருங்கள்: இதற்குப் பலம் வேண்டாம், பலசாலி வேண்டாம். யுத்தத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் கொவன்ட்ரி நகரத்தில் 1946 முதல் 1956 வரை செய்த சாம்பல் நிறச் சின்ன பெர்குசன் மட்டும் 5 இலட்சத்துக்கு மேல். அதன் வழியில் 1964இன் கடைசியில் வந்ததுதான் 135. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கம்பனியும் இதே குடும்பத்து இயந்திரங்களைத்தான் செய்துவந்தது. ஆகவே பாகம் கிடைக்காது என்ற சாக்கும் அவ்வளவாக நிற்காது.

அப்படியானால் நமது தோட்டத்தில் ஏன் இரண்டு பேர் முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டுகிறார்கள்?

கடற்காற்று ஒரு காரணம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள இந்த மண்ணில் இரும்பு ஒரு மாரியைத் தாங்காது. வலது கையின் சுற்றும் பிடி, அதாவது லெவலிங் பொக்ஸ், முதலில் இறுகுவது. அதற்கு கிறீஸ் அடிக்கும் துவாரம் ஒன்று இருக்கிறது. எத்தனை தோட்டத்தில் அந்தத் துவாரத்தின் மேல் பெயின்ட் பூசி மூடியிருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அடுத்து, கைகளின் நுனியில் இருக்கும் இரும்பு உருண்டை. அது எந்தப் பக்கமும் சுழன்று பின்னுக்கு வழிவிட வேண்டும். துரு ஏறினால் ஒரே பக்கம் பார்த்து நின்றுவிடும். பிறகு சுத்தியலால் அடிக்கிறோம். அடித்தால் உருண்டை நசிந்து இன்னும் இறுகும். மூன்றாவது, கைகள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின். அது அறுந்தால் மாற்றுவதில்லை. கயிற்றால் கட்டியிருக்கும் இயந்திரங்களும் உண்டு.

பின் அளவு இன்னொரு கூத்து. 135க்கு உரியது முதலாம் வகை: கீழ்க் கைகளில் 22 மில்லிமீற்றர் பின், டொப் லிங்குக்கு 19. பெரிய இயந்திரங்களுக்கான இரண்டாம் வகையில் அது 28ம் 25ம். எங்கோ மலிவாகக் கிடைத்த கை ஒன்றைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, 28 துவாரத்துக்குள் 22 பின்னைப் போட்டு ஓட்டுகிறார்கள். 6 மில்லிமீற்றர் ஆட்டம். ஒரு போகம் ஓடினால் பின்னும் தேயும், துவாரமும் முட்டை வடிவமாகும். இடையில் போட ஒரு புஷ் போதும். எந்த லேத் கடையிலும் கடைந்து தருவார்கள். பின்னைத் தடுக்கும் கிளிப்புக்குப் பதிலாக ஆணி, கம்பித் துண்டு, ஒரு இடத்தில் உடைந்த ஸ்பனர்க் காது கூடப் பார்த்தோம்.

கொழுவும் ஒழுங்கையும் பலர் மறந்துவிட்டார்கள். இது 'பழைய ஆட்களுக்குத் தெரியும்' என்று விட்டுவிடும் விடயமல்ல, ஏனென்றால் பழைய ஆட்கள் ஓய்வுக்குப் போகிறார்கள். கலப்பை சமமான, இறுகிய நிலத்தில் நிற்க வேண்டும். சாரதி நேராகப் பின்னுக்கு வந்து, நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகே ஆள் உள்ளே போக வேண்டும். முதலில் இடது கை. அதற்கு ஏற்றி இறக்கும் பிடி கிடையாது, ஆகவே இயந்திரத்தை அதற்கு நேராகக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வலது கை. அதன் உயரத்தை லெவலிங் பொக்ஸால் சுற்றிச் சரிசெய்யலாம். கடைசியாக டொப் லிங்க், அதையும் திருகி நீட்டலாம், சுருக்கலாம். கழற்றும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வலதை முதலில் பூட்டிவிட்டு இடதோடு சண்டை பிடிப்பவர்கள்தான் அலவாங்கு தேடுகிறவர்கள்.

சாரதித் தோழர்களுக்கு இன்னொன்று. மெசியில் லிஃப்டுக்கு இரண்டு லிவர் உண்டு. ஒன்று கைகளை நீங்கள் வைத்த உயரத்தில் நிறுத்துவது. மற்றது உழும்போது மண்ணின் இழுவையைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்குவது. கொழுவும்போது இரண்டாவதைத் தொட்டால் கை பாதியில் நிற்காது, ஒரேயடியாக மேலே போகும் அல்லது கீழே விழும். மேலே சொன்ன நமது அங்கத்தவரின் விரலுக்கு நடந்தது அதுவாகவும் இருக்கலாம். பின்னால் ஆள் இருக்கையில் எந்த லிவரிலும் கை வைக்காதீர்கள்.

சரி, பழுது பார்த்தால் மட்டும் போதுமா? முக்கால்வாசிக்குப் போதும். ஆனால் பழைய இயந்திரத்துக்குப் புதிய வசதி பொருத்தவும் வழிகள் உண்டு.

மிக எளிதானது இழுபடும் கை. கீழ்க் கையின் நுனி சில அங்குலம் வெளியே இழுபடும்படி செய்திருக்கும். சாரதி சரியாக நேருக்கு நேர் வர வேண்டியதில்லை. ஓரளவு வந்து நிறுத்தியதும் நுனியை இழுத்துக் கலப்பையின் பின்னில் போட்டு கிளிப்பைக் கொழுவிவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். சாரதி மெதுவாகப் பின்னுக்கு வந்தால் 'டக்' என்று உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பிந்திய இயந்திரங்கள் பலவற்றில் இது கம்பனியிலிருந்தே வருகிறது. பழையவற்றுக்கும் முழுக் கையாக மாற்றலாம். முழுக் கையாக என்பதை அழுத்திச் சொல்கிறோம். அடித்து வார்த்த இரும்பில் தெருவோர வெல்டிங் சில மாதங்களில் வெடிக்கும். கலப்பை தூக்கிய நிலையில் அது வெடித்தால் பின்னால் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நமது வெல்டிங் பாஸ்மார் கெட்டிக்காரர்கள்தான். ஆனாலும் இந்த ஒரு வேலையை அவர்களிடம் கேட்காதீர்கள்.

அடுத்தது கொக்கி நுனி. கலப்பையின் பின்களில் உருண்டையை மாட்டி வைத்துவிட்டு, கையின் நுனியில் வாய் திறந்த கொக்கி இருக்கும். சாரதி பின்னுக்கு வந்து கையைத் தூக்கினால் கொக்கி உருண்டையைக் கவ்விப் பூட்டும். கழற்ற ஆசனத்திலிருந்தே ஒரு கயிறு. கீழ்க் கைகளுக்காக யாரும் இடையில் போகவே வேண்டாம், டொப் லிங்குக்கு மட்டும் ஒரு தடவை. ஐரோப்பாவில் இது சாதாரணம். மூன்றாவது வகை, முக்கோணச் சட்டம். ட்ரக்டரில் ஒன்று, ஒவ்வொரு கருவியிலும் அதற்குப் பொருந்தும் மற்றொன்று. சட்டத்தைக் கீழிருந்து நுழைத்துத் தூக்கினால் முடிந்தது. நல்லதுதான், ஆனால் நாலு கருவி இருந்தால் நாலு சட்டம் வேண்டும். கருவியும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போகும். அதனால் முன்சில்லின் பாரம் குறையும், பீ.டி.ஓ. தண்டின் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும். கலப்பையை மாற்றி மாற்றிக் கொழுவும் பெரிய தோட்டத்துக்கு இது பொருந்தும். தென்னைக்கு வருடத்தில் சில தடவை தட்டுக் கலப்பை ஓட்டும் இடத்துக்கு இழுபடும் கை போதும்.

இதெல்லாம் செலவு என்றால், ஒரு சதமும் இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. கருவிகளை வேலை முடிந்த இடத்தில், சேற்றில், சரிவில் போட்டுவிட்டு வருவது நமது பழக்கம். அடுத்த தடவை கொழுவும்போது அவதி அங்கேதான் தொடங்குகிறது. கொட்டகைப் பக்கத்தில் கொஞ்சம் கொங்கிறீட் அல்லது இறுகிய கிறவல் நிலம், கருவிக்கு இரண்டு மரக் கட்டை, கைகள் வரும் உயரத்துக்கே கருவியை உயர்த்தி வைத்தால் பாதி வேலை குறையும். கலப்பைச் சட்டத்தின் நடுவில் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போட்டால் சாரதிக்கு ஆசனத்திலிருந்தே நேர் தெரியும். "வா, வா" தேவைப்படாது.

பெட்டியும் பவுசரும் கலப்பையைவிட அதிகம் கொழுவப்படுகின்றன. தேங்காய் ஏற்ற, தண்ணீர் கொண்டுவர, எல்லாவற்றுக்கும். அவற்றை மூன்று பேர் சேர்ந்து மூக்கைத் தூக்கிப் பிடிக்க, ஒருவர் குனிந்து ஆணி போடுகிறார். நிறைந்த பவுசரின் மூக்கு கையை நழுவினால் காலின் மேல்தான் விழும். மூக்கில் ஒரு திருகு ஜெக் அல்லது மடக்கும் கால், ஒழுங்கான பின், அதற்குக் கிளிப், ஒரு பாதுகாப்புச் சங்கிலி. இவ்வளவுதான் கேட்கிறோம். கருவி கொழுவுவதைப் பற்றிப் பேசும்போது பெட்டியில் ஆட்களை ஏற்றுவதைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. 2001இல் சர்வதேச தொழில் தாபனம் நிறைவேற்றிய விவசாயப் பாதுகாப்புச் சமவாயம், 184ஆம் இலக்கம், ஆட்களை ஏற்றுவதற்கென்று செய்யப்படாத விவசாய வாகனத்தில் ஆட்களை ஏற்றக்கூடாது என்கிறது. நமது பெண்கள் விடிகாலையில் எதில் போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

பீ.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். எனது வகுப்புப் பிள்ளைகளிடம் இதை 60ஆல் வகுக்கச் சொன்னேன். நொடிக்கு 9. "ஒன்பது என்று சொல்லி முடிக்க முன்னமே ஒன்பது தரம் சுற்றிவிடும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. சேலைத் தலைப்போ சாரமோ அதில் பட்டால் கையை உதறி எடுக்க நேரமில்லை. தண்டைக் கொழுவும்போதும் கழற்றும்போதும் என்ஜின் நிற்க வேண்டும், சாவி கொழுவுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத ரொட்டவேட்டரோடு வேலை செய்ய மறுப்பதற்கு அங்கத்தவர்களுக்கு நமது சங்கத்தின் முழு ஆதரவு உண்டு.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. உழவு காலத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் சில ஆண் பிள்ளைகளின் கதிரை வெறுமையாகும். எங்கே என்று கேட்டால் "மாமாவோட மெஷின்ல" என்பார்கள். மெல்லிய உடம்பு, இடுக்குக்குள் சுலபமாக நுழையும் என்பதால் பின்னால் நிற்கும் வேலை அவர்களுக்கு வருகிறது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைக்கு 18 ஆக வேண்டும். பெற்றோர்களே, நாளுக்குக் கிடைக்கும் அந்தக் காசு வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது எங்களுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் சொல்கிறோம், அந்த இடத்தில் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

நமது அங்கத்தவர்களிடமிருந்தே வரும் ஒரு ஆட்சேபத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். "சாரதி தனியே கொழுவ முடிந்தால் கையுதவிக்கு வேலை எங்கே?" போன கூட்டத்தில் ஒரு அண்ணன் எழுந்து கேட்டார். நியாயமான கேள்வி. ட்ரக்டர் வந்தபோது மண்வெட்டிக்காரர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவரது தகப்பன் பார்த்தவர். நாங்கள் சொல்வது இதுதான்: கையுதவியின் நாளில் கொழுவுவதும் கழற்றுவதும் ஒரு மணித்தியாலம். மீதி நேரம் அவர் கல் பொறுக்குகிறார், கிறீஸ் அடிக்கிறார், விதையும் பசளையும் ஏற்றுகிறார், வரம்போரம் திரும்பும்போது பார்த்துச் சொல்கிறார். அந்த வேலை எதுவும் போகாது. போகக் கூடாது என்பதை வாயால் அல்ல, எழுத்தில் வாங்க வேண்டும். அதனால் நமது கோரிக்கைக் கடிதத்தில் இணைப்பைத் திருத்துவதும் கையுதவியின் பெயரைச் செக்ரோலில் நிரந்தரமாகப் போடுவதும் ஒரே பந்தியில் இருக்கும். ஒன்றைத் தந்து மற்றதை எடுப்பதற்கு இடம் வைக்க மாட்டோம். ஆபத்தை வைத்துக்கொண்டு வேலையைக் காப்பாற்றுவது என்ற பேரத்தை நாம் ஏற்கவில்லை.

"ட்ரக்டர் எங்களுடையதல்ல, வாடகைக்கு வருவது" என்பது நிர்வாகத்தின் பதிலாக இருக்கும். பல இடத்தில் அது உண்மையும்கூட. ஆனால் கலப்பை தோட்டத்துடையது, நிலம் தோட்டத்துடையது, பின்னால் நிற்க ஆளை அனுப்புவதும் தோட்டம்தான். வாடகை பேசும்போது டீசலுக்கும் மணித்தியாலத்துக்கும் விலை பேசுகிறவர்கள், லெவலிங் பொக்ஸ் சுற்றுகிறதா, செக் செயின் இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்க்கலாம். சொந்த ட்ரக்டர் வைத்திருக்கும் நமது உறவுக்காரச் சாரதிகளுக்கும் இது பொருந்தும். தம்பி, அண்ணன் என்று பார்த்துச் சும்மா இருக்க வேண்டாம்.

சட்டம் நமக்கு எவ்வளவு துணை? 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்கு உள்ளே இயந்திரத்துக்கு வேலி கேட்கிறது. வயலுக்குள் அது இறங்குவதில்லை. ஆகவே முன்கூட்டித் தடுப்பதற்கு நமக்கு இருப்பது சங்கத்தின் பலம்தான். நடந்த பிறகு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் அட்டவணையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வீதம் எழுதியிருக்கிறார்கள். 2022இல் செய்த திருத்தத்தில் ஆகக்கூடிய நட்டஈடு 5 இலட்சத்து 50 ஆயிரத்திலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் பதிவில்லாத விபத்துக்குக் காசு வாங்குவது மிகக் கஷ்டம். அடிபட்ட அன்றே, சின்னக் காயமானாலும், தோட்ட அலுவலகத்தில் எழுதச் செய்யுங்கள். வைத்தியசாலைத் துண்டில் 'விழுந்தது' என்று அல்ல, 'ட்ரக்டர் கொழுவும்போது' என்று எழுதும்படி கேளுங்கள். துண்டின் ஒரு பிரதி கிளைச் செயலாளரிடம் இருக்கட்டும்.

பெரும்போக உழவுக்கு முன்னர் கோரிக்கைக் கடிதம் நிர்வாகங்களுக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் ஓடும் ஒவ்வொரு ட்ரக்டரையும், சொந்தமோ வாடகையோ, போய்ப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும்: வலது கையின் பிடி கையால் சுற்றுகிறதா, உருண்டைகள் சுழல்கின்றனவா, செக் செயின் இரண்டும் இருக்கின்றனவா, பின்னும் கிளிப்பும் சரியான அளவா, பீ.டி.ஓ. தண்டுக்கு உறை உண்டா, பெட்டிக்குக் கால் உண்டா, பின்னால் நிற்பவர் யார், அவருக்கு எத்தனை வயது, அவர் பெயர் செக்ரோலில் இருக்கிறதா. பார்க்கப் போகும்போது அந்தக் கையுதவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஆணி இறுகும், எந்தக் கை திடீரென்று விழும் என்று நம் எல்லாரையும்விட அவருக்குத்தான் தெரியும். தாளை நிரப்பி, அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாவட்டக் கூட்டத்துக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புங்கள். வெல்டிங், லேத் வேலை தெரிந்த அங்கத்தவர்கள் அன்று காலை ஒன்பது மணிக்கே வந்தால், ஒரு 135ஐ முற்றத்தில் நிறுத்தி லெவலிங் பொக்ஸைக் கழற்றிக் காட்ட ஒரு மூத்த சாரதித் தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மண்ணெண்ணெயும் பழந்துணியும் கொண்டுவாருங்கள்.